'கற்றுக்கொள், உயர்வாய்!' – யாருக்காக இந்த உபதேசம்?

"கற்றுக்கொண்டே இரு, உயர்ந்துகொண்டே போவாய். கற்பதை நிறுத்தினால் வீழ்வாய். வீழ்ந்தால் அது உன் குற்றம்!" – கம்ப்யூட்டர் உலகத்து முதலாளிகள் தங்கள் தொழிலாளிகளுக்குக் காலையும் மாலையும் ஓதிவரும் மந்திரம் இது. 'சுய வளர்ச்சி' என்று இதற்கு அழகான பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

நூற்பாலையில் இழை முடியும் நமக்கும், சேற்றில் நின்று நாற்று நடும் நமக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது, தோழர்களே! தாலிக்கொடியை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி, நாம் காலேஜுக்கு அனுப்பிய பிள்ளைகள்தாம் இன்று அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காதில் ஓதப்படும் மந்திரம் நம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

சில நாட்களுக்கு முன் அப்படிப்பட்ட தம்பி ஒருவர் நம்மைப் பார்க்க வந்தார். தகப்பனார் கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் முப்பது வருஷம் மூன்று ஷிப்டும் பார்த்தவர். தம்பி சென்னையில் ஒரு கம்பெனியில் வெப்சைட் கட்டும் வேலை செய்கிறார். ரயில் டிக்கெட் எடுக்கவும், மின்சார பில் கட்டவும், நெல் விலை பார்க்கவும் நாம் போனில் திறக்கும் பக்கங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றைக் கட்டும் கொத்தனார்களில் அவர் ஒருவர். கம்ப்யூட்டர் இன்னதைச் செய்யவேண்டும் என்று வரி வரியாகக் கட்டளை எழுதவேண்டும். அதற்குத்தான் 'கோடு எழுதுவது' என்று பெயர்.

தாம் தொழில் கற்ற கதையைத் தம்பி சொன்னார். கேட்கக் கேட்க நமக்குப் பெருமையாக இருந்தது. "ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் பக்கம் திறக்காதுங்க அண்ணா. முதல் வருஷம் ராத்திரி முழுக்க ஒரு தப்பைத் தேடினேன். விடியற்காலை கண்டுபிடித்தேன். தப்பு மிஷினில் இல்லை, நான் நினைத்த நினைப்பில்தான் இருந்தது. அன்றைக்குத்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடிபட்டது. தெரியாது என்று சொல்ல வெட்கப்படக் கூடாது, தப்புக்குப் பயப்படக் கூடாது, தெரிந்ததை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் நமக்கே தெளிவாகும். இந்த மூன்றும்தான் நான் கற்றது."

பொன்னான வார்த்தைகள்! உழைக்கும் கையிலிருந்து பிறந்த அறிவு இது. ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேளுங்கள்.

"ஏழு வருஷமாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. போன மாதம் என் பக்கத்து நாற்காலிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் புதிதாக எதையும் கற்கவில்லை, அது அவர் தப்பு. நாளைக்கு நான் போனால் அது என் தப்பு."

இந்த இரண்டாவது பேச்சு தம்பியுடையது அல்ல. முதலாளி எழுதிக் கொடுத்து, தம்பியின் வாயால் வாசிக்கப்பட்ட பேச்சு!

தறியிலிருந்து வந்த தொழில்

கோடு எழுதுவது என்பது வானத்திலிருந்து குதித்த வித்தை அல்ல. நெசவாளித் தோழர்களுக்கு அதன் பாட்டனாரைத் தெரியும். பட்டுத்தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிதான் அது! பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் 1804 வாக்கில் ஜக்கார்டு என்பவர் அதைச் செய்து முடித்தார். அட்டையில் ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை – இந்த இரண்டைக் கொண்டே மயிலும் மாங்காயும் சேலையில் விழுகின்றன.

அந்த அட்டையைத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் என்ற கணித அறிஞர் 1830களில் தமது கணக்கு மிஷினுக்கு எடுத்துக்கொண்டார். அந்த மிஷினைப் பற்றி விளக்கக் குறிப்புகள் எழுதி 1843ல் வெளியிட்ட அடா லவ்லேஸ் அம்மையாரும் அதை ஜக்கார்டு தறியோடுதான் ஒப்பிட்டார்.

அந்தத் தறியில் பட்டு நெய்த லியோன் தொழிலாளிகள் கதி என்ன? மிஷின் வந்த பிறகும் கூலி உயரவில்லை. நியாயமான கூலி விகிதம் கேட்டு 1831 நவம்பரில் அவர்கள் வீதியில் இறங்கினார்கள். சர்க்கார் படையை அனுப்பியது. தொழிலாளி புது மிஷினை நன்றாகக் கற்றுக்கொண்டான், ஆனால் கற்ற பலன் வியாபாரியின் பெட்டிக்குப் போயிற்று. இருநூறு வருஷம் ஆகப்போகிறது. கதை மாறியிருக்கிறதா?

பொதுக் கிணற்றில் ஊறிய அறிவு

"தன் முயற்சியால் தானே உயர்ந்தவன்" என்று முதலாளிகளின் மேடையில் முழங்குகிறார்கள். தானே கற்றவன் உலகத்தில் எவனாவது உண்டா? அறுந்த இழையை முடிய உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பக்கத்து மிஷினில் நின்ற அக்கா! நாற்றை எத்தனை விரற்கடை ஆழத்தில் ஊன்றுவது என்று எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? முன்னால் குனிந்து நட்ட அம்மாவின் கையைப் பார்த்துத்தானே!

வெப்சைட் கட்டும் தொழிலும் அப்படியே வளர்ந்தது. ஜெனீவாவுக்கு அருகே 'செர்ன்' என்ற பெரிய விஞ்ஞானக் கூடம் இருக்கிறது. பல நாட்டு ஜனங்களின் வரிப்பணத்தில் நடப்பது. அங்கு வேலை செய்த டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989ல் இந்த வலையை எப்படி அமைப்பது என்று திட்டம் எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிர்வாகம், இதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எழுத்து மூலமாக அறிவித்தது. ஊருக்குக் கிணறு வெட்டிவிட்டுப் பூட்டுப் போடாமல் விட்டது போல!

அது மட்டுமல்ல. ஒரு பக்கத்தைத் திறந்தால் அதன் பின்னால் உள்ள கட்டளை வரிகளையும் எவரும் பிரித்துப் பார்க்கலாம். பக்கத்துத் தறிக்காரன் பாவைப் பார்த்துப் பழகுவது போல, லட்சோபலட்சம் பேர் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றார்கள். 1991ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 'லினக்ஸ்' வேலையைத் தொடங்கினார். உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அதில் கை கொடுத்தார்கள். இன்று உலகத்து வெப்சைட்டுகளைத் தாங்கி நிற்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பகுதி அதன் மேல்தான் ஓடுகிறது.

ஊர் ஏரிக்குக் குடிமராமத்து செய்கிறவனைப் பற்றி மிராசுதார் கவலைப்படுவதில்லை. தண்ணீர் வந்தால் சரி. இங்கும் அதே கதைதான். பாங்குக் கணக்கும் கடவுச்சொல்லும் களவு போகாமல் காக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற பூட்டு உலகம் முழுக்கப் பயன்பட்டு வந்தது. 2014 ஏப்ரலில் அதில் பெரிய ஓட்டை இருப்பது தெரிந்து உலகமே நடுங்கிற்று. அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. அந்தப் பூட்டைப் பராமரித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களுக்கு வந்த நன்கொடை வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 டாலர்! கோடி கோடியாக லாபம் குவித்த கம்பெனிகள் அந்தப் பூட்டைத் தம் கதவில் தொங்கவிட்டிருந்தன. எண்ணெய் போடத்தான் ஒருவனும் இல்லை.

கிணற்றுக்கு வேலி போட்டவர்கள்

பொதுக் கிணறு இருக்கிற இடத்தில் வேலி போடுகிறவனும் வருவான்.

'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்ற இடம் 2008ல் தொடங்கியது. கோடு எழுதுகிறவர்கள் தங்கள் சந்தேகத்தை அங்கே கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். கூலி கிடையாது. சக தொழிலாளி இடறி நிற்கிறானே என்ற ஒரே எண்ணம்தான். நம் தம்பியும் அங்கே கற்றவர், பின்னால் அங்கே கற்பித்தவர். அந்த இடத்தை 2021ல் ஒரு அந்நிய மூலதனக் கம்பெனி 180 கோடி டாலருக்கு வாங்கிற்று. பதில் எழுதியவர்களுக்கு அதில் ஒரு டாலராவது பங்கு உண்டா? கிடையாது! 2024ல் அந்தக் கேள்வி பதில்களைக் கொண்டு செயற்கை அறிவு மிஷினைப் பழக்க ஒப்பந்தம் போட்டார்கள். மனம் பொறுக்காத சிலர், தாங்கள் எழுதிய பதில்களைத் தாங்களே அழிக்கப் போனார்கள். அவர்களை உள்ளே நுழையவிடாமல் நிறுத்தி வைத்தது நிர்வாகம். நட்டவன் தன் நாற்றைத் தொட்டால் குற்றமாம்!

இன்னொன்று. உலகத்துத் தொழிலாளிகள் தாங்கள் எழுதிய கோடுகளைப் பொதுவில் வைத்திருந்த 'கிட்ஹப்' என்ற களஞ்சியத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி 2018ல் 750 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே பொதுவில் கிடந்த கோடுகளையும் ஊட்டிப் பழக்கிய மிஷின் ஒன்று 2021ல் வந்தது. அடுத்த வருஷமே அதற்கு மாதம் 10 டாலர் வாடகை வைத்தார்கள். பத்து லட்சம் பேர் சேர்த்துப் போட்ட நெல்லை அரைத்து, அவர்களுக்கே அரிசியாக விற்கும் வியாபாரம்! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

பிறகு என்ன நடந்தது? தங்கள் கோடுகளில் 20 முதல் 30 சதவீதம் வரை மிஷினே எழுதுகிறது என்று 2025 ஏப்ரலில் அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகி சொன்னார். மே மாதத்தில் சுமார் 6,000 பேருக்கும், ஜூலையில் சுமார் 9,000 பேருக்கும் சீட்டுக் கிழிக்கப்பட்டது. அந்தக் கணக்கு வருஷத்தில் கம்பெனியின் நிகர லாபம் 10,000 கோடி டாலருக்கு மேல்! நஷ்டத்தால் ஆட்குறைப்பு என்று எவரும் சொல்லமுடியாது.

அந்த 15,000 பேரும் கற்காதவர்களா? கற்றவர்கள்! கற்றதைப் பொதுவில் வைத்தவர்கள் அவர்களிலும் உண்டு. அவர்கள் கொடுத்த அறிவே அவர்கள் வயிற்றில் அடிக்கும் கோலாகத் திரும்பி வந்தது. மிஷின் கோலை ஓங்கவில்லை. மிஷினைச் சொந்தமாக வைத்திருப்பவன் ஓங்கினான்.

'திறமை பொருந்தவில்லை' என்னும் பித்தலாட்டம்

நம் நாட்டுக்கு வருவோம். நாட்டின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான டி.சி.எஸ். 2025 ஜூலையில் 12,000க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். பத்து, பதினைந்து வருஷம் உழைத்தவர்கள்! மிஷினால் அல்ல, திறமை பொருந்தாத காரணத்தால் என்றது நிர்வாகம். 2024-25 கணக்கு வருஷத்தில் அதே கம்பெனியின் லாபம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல்.

நாம் கேட்கிறோம்: திறமை ஏன் பொருந்தவில்லை? பத்து வருஷம் பழைய மிஷினில் உட்கார வைத்தது யார்? அந்தப் பழைய மிஷினில் லாபம் எடுத்தது யார்? கதர் நூற்கச் சொல்லி வைத்துவிட்டு, பட்டு நூற்கத் தெரியவில்லை என்று வெளியே தள்ளுவது என்ன நியாயம்?

ஆலைத் தோழர்களுக்குப் பதிலித் தொழிலாளியின் பாடு தெரியும். வாசலில் நின்று, இன்றைக்கு வேலை உண்டா என்று மேஸ்திரி முகத்தைப் பார்க்கவேண்டும். அங்கே இதற்குப் 'பெஞ்சு' என்று பெயர். அதே கம்பெனி 2025 ஜூனில் போட்ட விதிப்படி, வருஷத்தில் 225 நாட்களாவது வாடிக்கைக்காரனிடம் பில் போடும் வேலையில் இருக்கவேண்டும், வேலை ஒதுக்கப்படாமல் 35 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. வேலையைக் கொண்டுவருவது நிர்வாகத்தின் பொறுப்பு. வராவிட்டால் தண்டனை தொழிலாளிக்கு! குளிர்ந்த அறை, சுழல் நாற்காலி, கழுத்தில் அட்டை – எல்லாம் இருந்தும் பதிலி பதிலிதான்.

இதற்கு மேல் நேரத்தைப் பற்றி ஒரு உபதேசம். வாலிபர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி திருவாய் மலர்ந்தார். 90 மணி நேரம் போதுமா என்று ஏலத்தை உயர்த்தினார் 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர். 70 மணி நேரம் உழைத்தவன் புதிதாகக் கற்பது எப்போது? தூக்கத்திலா? கற்கும் நேரத்தையும் பிடுங்கிக்கொண்டு, கற்கவில்லை என்று வேலையையும் பிடுங்கிக்கொள்வார்களாம். ஆட்டுக்காக ஓநாய் அழுத கதை!

சில கேள்விகளுக்குப் பதில்

"லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறவர்களுக்காக நாம் ஏன் பேசவேண்டும்?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கைப் பாருங்கள். பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவனுக்குப் பத்து வருஷத்துக்கு மேலாக ஆண்டுக்கு 3 லட்சம், மூன்றரை லட்சம் ரூபாய் என்ற அளவிலேயே சம்பளம் நின்றுவிட்டது. மாதத்துக்கு முப்பதாயிரம் கூட வராது. சென்னை வாடகையும் காலேஜ் கடனும் போக ஊருக்கு என்ன அனுப்புவான்? விலைவாசி ஏறிற்று, சம்பளம் ஏறவில்லை. கூலி உயராமல் வேலை உயர்ந்தால் அதற்கு என்ன பெயர் என்று களத்து மேட்டில் நின்றவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா?

"அப்படியானால் மிஷின் வேண்டாம் என்கிறீர்களா? கற்க வேண்டாம் என்கிறீர்களா?" என்று முதலாளியின் எழுத்தாளர்கள் கேட்பார்கள். இல்லை! கற்பதைத் தொழிலாளியைவிட மதித்தவன் எவன்? எழுத்துத் தெரியாத கையால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர்கள் நாம். மிஷின் வரட்டும், வேலை சுலபமாகட்டும். அந்தச் சுலபத்தின் பலன் யாருக்கு என்பதுதான் கேள்வி. நாலு பேர் வேலையை மிஷின் உதவியால் மூன்று பேர் முடித்தால், நாலு பேரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அல்லது மூன்று பேரைக் கசக்கிவிட்டு ஒருவனைத் தெருவில் நிறுத்தலாம். முதலாளி எப்போதும் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறான். கான்பூர் ஆலைத் தொழிலாளிகள் 1955ல் 80 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது இந்தக் கேள்விக்காகத்தான்.

"நன்றாகக் கற்றவன் தப்பித்துக்கொள்கிறானே?" என்பது தம்பியின் கேள்வி. உண்மை, ஒருவர் இருவர் தப்பிக்கலாம். வெள்ளத்தில் நீந்தத் தெரிந்தவன் கரை சேருவான். அதற்காகக் கரையை உடைத்தவனை விட்டுவிட்டு, நீந்தத் தெரியாமல் போனவனைக் குற்றவாளி என்பதா?

நாம் கேட்பது என்ன?

கற்பது வேலையின் ஒரு பகுதி. ஆகவே:

1. புதுக் கருவியைக் கற்கும் நேரம் வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு இருக்கவேண்டும். இரவும் ஞாயிறும் தொழிலாளியின் சொந்த நேரம்.

2. புது மிஷின் வந்தால், முதலில் பயிற்சி, பிறகு மாற்று வேலை. 'திறமை பொருந்தவில்லை' என்று கூறி எவரையும் நீக்கக் கூடாது.

3. வேலை ஒதுக்காத நாட்களுக்கு நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும்.

4. பொதுவில் கிடைக்கும் கோடுகளைக் கொண்டு லாபம் எடுக்கும் கம்பெனிகள், அவற்றைப் பராமரிக்கிறவர்களுக்குப் பணம் கொடுக்கவேண்டும். ஏரித் தண்ணீர் பாய்கிற நிலத்துக்குத் தீர்வை உண்டு!

5. சங்கம் அமைக்கும் உரிமையில் எவரும் கை வைக்கக் கூடாது. அரசியல் சட்டம் 19ஆவது பிரிவில் கொடுத்த உரிமை அது. கம்ப்யூட்டர் தொழிலாளிகளும் சங்கம் அமைக்கலாம் என்பதை 2016ல் தமிழ்நாடு சர்க்காரே தெளிவுபடுத்தியது.

கடைசிக் கோரிக்கைதான் மற்ற நான்குக்கும் திறவுகோல். தனியாக நின்று கேட்டால் வேலை போகும். சேர்ந்து நின்று கேட்டால் பதில் வரும். இதை நாம் புத்தகத்தில் படிக்கவில்லை, ஆலை வாசலில் படித்தோம்.

தம்பி! 'தெரிந்ததை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் நமக்கே தெளிவாகும்' என்றாய். அதுதான் உன் தொழிலின் உயிர். முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு இரவில் விழித்திருந்து பதில் எழுதினாயே, பக்கத்து நாற்காலிக்காரருக்கு என்ன எழுதினாய்? 'அவர் தப்பு' என்ற இரண்டு சொற்கள்தானா? அவர் வீட்டுக்குப் போ. எந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று கேள். இதே பயத்தோடு உட்கார்ந்திருக்கும் இன்னும் பத்துப் பேரைத் தேடு. தப்பு எங்கே என்று இரவு முழுக்கத் தேடத் தெரிந்தவன் நீ. இந்தத் தப்பையும் தேடு. அது உன்னிடத்தில் இல்லை, அவரிடத்திலும் இல்லை என்பதைக் காண்பாய்.

ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளத் தோழர்களே! அடுத்த பண்டிகைக்குப் பிள்ளை ஊருக்கு வருவான். கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, மடியில் கம்ப்யூட்டரோடு, திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்ப்பான். "என்னப்பா, லீவு இல்லையா?" என்று கேட்டால், "கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்பான். அவனிடம் கேளுங்கள்: "கூலி உண்டா, இந்த நேரத்துக்கு?" பிறகு, உங்கள் சங்கம் எப்படிப் பிறந்தது என்ற கதையை அவனுக்குச் சொல்லுங்கள். அவன் கற்கவேண்டிய பாடங்களில் காலேஜ் விட்டுவிட்ட பாடம் அது. அதைக் கற்பிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தாம்.